நம் கடையின் இணையதளத்துக்கு வழி சொல்பவர் யார்?

கடை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஆள் நடமாட்டம் இல்லாத சந்தில் இருந்தால் வியாபாரம் நடக்காது. இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேருந்து நிலையம் பக்கம், சந்தைக்குப் போகும் வழி, கோயில் வாசல் என்று இடம் பார்த்துத்தான் நம் முன்னோர் கடை பிடித்தார்கள். ஆனால் இணையதளம் என்று வரும்போது மட்டும் இந்த அறிவை நாம் கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறோம். ஒரு பையனிடம் பணத்தைக் கொடுத்து இணையதளம் செய்து, முகப்பில் பிள்ளையார் படமும் கடையின் படமும் போட்டு, பில் புத்தகத்தில் முகவரியை அச்சடித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து "ஒரு ஆள்கூட வரவில்லையே" என்று அலுத்துக்கொள்கிறோம்.

வராததற்குக் காரணம், அந்தக் கடைக்கு இன்னும் தெருவே போடவில்லை என்பதுதான். இணையத்தில் தெரு என்பது இணைப்பு. வேறொருவருடைய பக்கத்தில் நம் கடையின் பெயர் இருக்கிறது. அதைத் தொட்டால் நம் பக்கம் திறக்கிறது. இவ்வளவுதான் இணைப்பு. இதனால் இரண்டு பயன்கள். ஒன்று, அந்தப் பக்கத்தைப் படிப்பவர் நேராக நம்மிடம் வருகிறார். இரண்டாவது, கூகுள் போன்ற தேடுபொறிகள் இந்த இணைப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவதைத்தான் நம்மில் பலர் தவறாகப் புரிந்துகொண்டு பணத்தை இழக்கிறார்கள். ஆகவே அதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் இருவரும் 1998-ல் கூகுளைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்தின் மதிப்பை அந்தப் பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது, மற்றவர்கள் அதை எவ்வளவு சுட்டிக்காட்டுகிறார்கள் என்றும் பார்க்கவேண்டும் என்பது அவர்கள் கொண்டுவந்த முறை. அதிலும் எல்லாச் சுட்டுதலும் சமம் அல்ல. பலராலும் சுட்டப்படும் ஒரு பக்கம் நம்மைச் சுட்டினால் அதற்கு எடை அதிகம். அதே பக்கம் ஆயிரம் பேரைச் சுட்டினால் அந்த எடை ஆயிரம் பங்காகப் பிரிந்துவிடும்.

பழைய உண்டியல் வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. உண்டியல் சீட்டு வெறும் காகிதம்தான். அதன் பின்னால் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதில்தான் மதிப்பு. நாணயமான மண்டிக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் வெளியூரிலும் பணமாகும். கேட்டவனுக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிற ஆளின் சீட்டை எவரும் தொடமாட்டார்கள். இன்று கூகுள் இணைப்பை மட்டும் பார்ப்பதில்லை. இன்னும் எத்தனையோ விஷயங்களைப் பார்க்கிறது. ஆனால் யார் கையெழுத்து என்கிற அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது.

இங்கேதான் "அண்ணாச்சி, மாசா மாசம் கொஞ்சம் கொடுத்தாப் போதும், ஆயிரம் லிங்க் போட்டுத் தர்றோம்" என்று போன் செய்கிறவர்கள் நுழைகிறார்கள். அந்த ஆயிரம் இணைப்புகளும் எங்கிருந்து வரும்? யாரும் படிக்காத, இதற்கென்றே கொட்டிவைத்த பக்கங்களிலிருந்து வரும். மதுரையில் பருப்பு விற்கிறவருக்கு ரஷ்யாவில் கார் உதிரிபாகம் விற்கும் பக்கத்திலிருந்து இணைப்பு வந்தால், அதை நம்பி எந்த வாடிக்கையாளர் வரப்போகிறார்? தேடுபொறியும் இப்போது ஏமாறுவதில்லை. 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற பெயரில் கூகுள் கொண்டுவந்த மாற்றம் இப்படிப்பட்ட செயற்கை இணைப்புகளைக் குறிவைத்ததுதான். அதுவரை இணைப்பு வாங்கி மேலே வந்த எத்தனையோ வியாபாரிகள் ஒரே வாரத்தில் கீழே போனார்கள்.

பெரிய கைகளும் இதில் தப்பவில்லை. இங்கிலாந்தில் பூ விற்பனைக்குப் பெயர்பெற்ற இன்டர்ஃபுளோரா நிறுவனம் 2013 பிப்ரவரியில் கூகுள் தேடலிலிருந்து காணாமற்போனது. அதன் சொந்தப் பெயரைப் போட்டுத் தேடினாலும் அதன் தளம் வரவில்லை. சிற்றூர்ப் பத்திரிகைகளின் தளங்களில் செய்திபோல விளம்பரக் கட்டுரைகள் வெளியிட்டு, அவற்றில் தனக்கு இணைப்பு வைத்திருந்தது என்று அப்போது எழுதினார்கள். கூகுள் பெயரைச் சொல்லவில்லை; ஆனால் அதே நாட்களில், பணம் வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுப்பது விதிமீறல் என்று எல்லோருக்கும் நினைவூட்டியது. 11 நாட்கள் கழித்துத்தான் அந்தத் தளம் திரும்பியது. அந்நாட்டு அன்னையர் தினத்துக்குச் சில நாட்களே பாக்கி இருந்தன. பூ வியாபாரிக்கு அந்த 11 நாட்கள் என்றால், நமக்குத் தீபாவளிக்கு முந்தின பத்து நாள் ஷட்டர் இறங்கியிருப்பது போல.

விளம்பரமே கொடுக்கக்கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. தாராளமாகக் கொடுக்கலாம். விளம்பரமாக வரும் இணைப்பில் "இது பணம் கொடுத்தது" என்கிற குறியைப் பக்கத்தின் உள்ளே வைக்கவேண்டும், அவ்வளவுதான். படிப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். "நோ ஃபாலோ" என்ற குறி 2005-லும், "ஸ்பான்சர்டு" என்ற குறி 2019-லும் வந்தன. விளம்பரம் வாங்குகிறவரிடம் இந்தக் குறி உண்டா என்று கேட்டால், அவர் தொழில் தெரிந்தவரா என்பதும் தெரிந்துபோகும்.

அப்படியானால் உண்மையான இணைப்பை எப்படிப் பெறுவது? நம்மைச் சுட்டிக்காட்ட மற்றவருக்கு ஒரு காரணம் வேண்டும். "எங்களிடம் தரமான பொருட்கள் நியாயமான விலையில் கிடைக்கும்" என்ற வரிக்காக எவரும் நம் பக்கத்தைச் சுட்டமாட்டார்கள். அது எல்லாக் கடை போர்டிலும் இருக்கிறது. நமக்குத் தெரிந்து, மற்றவருக்குத் தேவைப்படுகிற ஒன்றை எழுதிவைத்தால் சுட்டுவார்கள். இது இன்று நேற்று வந்த வழி அல்ல. பிரான்ஸில் மிஷ்லின் டயர் கம்பெனி 1900-லேயே கார் ஓட்டுவோருக்காக, எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே பழுது பார்ப்பார்கள், எங்கே தங்கலாம் என்று ஒரு கையேடு அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தது. வண்டி ஓடினால்தானே டயர் தேயும்!

மளிகைக்காரரிடம் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? கல்யாண சாமான் பட்டியல் ஒன்று போதும்.

முந்நூறு பேருக்கு விருந்து என்றால் எத்தனை கிலோ அரிசி, எத்தனை கிலோ துவரம்பருப்பு, எண்ணெய் எவ்வளவு, நெய் எவ்வளவு என்று பெண்ணைப் பெற்றவர்கள் நம் கடைக்கு வந்துதான் கேட்கிறார்கள். சமையல்காரர் எழுதிக்கொடுத்த பட்டியலைக் கொண்டுவந்து, "இவ்வளவு தேவைப்படுமா?" என்று காதோரம் விசாரிக்கிறார்கள். (நெய்யையும் முந்திரியையும் பார்த்தவுடன் நமக்குப் புரிந்துவிடும், வெளியே சொல்வதில்லை.) இந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. முந்தின நாள் இரவுச் சாப்பாடு உண்டா இல்லையா, காலை டிபன் எத்தனை பேருக்கு, மதியம் பந்தியா பஃபேயா, வருகிறவர்கள் உள்ளூரா வெளியூரா என்பதைப் பொறுத்து அளவு எப்படி மாறும். மஞ்சளும் உப்பும் முதலில் வாங்கிய பிறகு மற்றதை எத்தனை நாள் முன்னால் எடுக்கலாம். பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வோமா, எத்தனை நாளுக்குள் என்பதையெல்லாம் எழுதி, நூறு பேர், முந்நூறு பேர், ஐந்நூறு பேர் என்று மூன்று பட்டியலாகப் போடுங்கள். உங்கள் கடை அனுபவத்தில் கண்ட அளவையே போடுங்கள். வேறு யாரோ போட்டதைப் பார்த்து எழுதினால், அடுத்த முகூர்த்தத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்த ஒரு பக்கத்துக்கு யார் யார் இணைப்புக் கொடுப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஊரில் உள்ள கல்யாண மண்டபத்தின் தளம் கொடுக்கும். மண்டபம் பிடிக்க வருகிறவர் அடுத்து கேட்பது இதைத்தானே. சமையல் காண்ட்ராக்டர், பந்தல்காரர், பத்திரிகை அச்சடிப்பவர், போட்டோ எடுப்பவர் என்று ஒரே வாடிக்கையாளரைப் பங்குபோட்டுக்கொள்கிற, ஆனால் நமக்குப் போட்டி இல்லாத தொழில்கள் எத்தனை! நேரில் போய்க் கேட்டால் பாதிப்பேராவது சரி என்பார்கள். நாமும் நம் பக்கத்தில் அவர்களைச் சொல்லலாம். ஆனால் இதிலும் அளவு உண்டு. "நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்" என்று ஊரெல்லாம் மாற்றிக்கொள்வதை கூகுள் செயற்கை இணைப்பாகவே எண்ணுகிறது. கடைக்கு வந்த வாடிக்கையாளரை வாயால் அவரிடம் அனுப்புவோமா என்று நம்மையே கேட்டுக்கொண்டால் போதும். அனுப்பமாட்டோம் என்றால் இணைப்பும் வேண்டாம்.

மண்டபக்காரர் "பட்டியல் முழுவதையும் எங்கள் தளத்திலேயே போட்டுக்கொள்கிறோமே" என்று கேட்டால் யோசியுங்கள். ஒரே எழுத்து இரண்டு இடத்தில் இருந்தால் தேடுபொறி பெரும்பாலும் ஒன்றைத்தான் காட்டும். அது நம்முடையதாக இருக்கும் என்று உறுதி இல்லை. சுருக்கமாக நாலு வரி புதிதாக எழுதிக்கொடுத்து, முழுப் பட்டியலுக்கு நம் பக்கத்தைச் சுட்டச் சொல்வதே நல்லது. அதேபோல், கம்பெனிக்காரர் கொடுத்த விளக்கத்தை அப்படியே ஒட்டுவதால் பலன் இல்லை; அதையே நூறு கடை ஒட்டியிருக்கும். அடுத்தவர் எடுத்த படத்தைக் கேட்காமல் எடுத்துப் போடுவது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வம்பில் முடியும். கையில் போன் இருக்கிறது, கடையில் சரக்கு இருக்கிறது, நாமே எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாணப் பட்டியல் போல இன்னும் எவ்வளவோ உண்டு. விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் என்ன வித்தியாசம், குழம்புக்குக் குண்டு வத்தலா சம்பா வத்தலா, கருப்பட்டி ஏன் மழைக்காலத்தில் இளகுகிறது, அதை எப்படி வைத்துக்கொள்வது? இவற்றைக் கல்லாவில் உட்கார்ந்து தினமும் வாயால் சொல்கிறோம். அதையே எழுதினால் போதும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-லும் ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இவற்றைத் தேடுகிறவர்கள் வெளியூரிலும் இருக்கிறார்கள்.

விலையை எழுதலாமா என்பது நம்மவர்கள் தயங்கும் இடம். போட்டிக்காரர் பார்த்துவிடுவார் என்ற பயம். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் நீச்சல் குளம் அமைத்துத் தரும் ரிவர் பூல்ஸ் என்ற சிறு நிறுவனம் 2008 பொருளாதார நெருக்கடியில் மூழ்கும் நிலைக்கு வந்தது. அதன் பங்குதாரர் மார்கஸ் ஷெரிடன் 2009-லிருந்து, வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து இணையதளத்தில் நேர்மையாகப் பதில் எழுதினார். மற்றவர்கள் மறைத்த 'ஒரு குளத்துக்கு எவ்வளவு ஆகும்' என்ற கேள்விக்கும் எழுதினார். நிறுவனம் பிழைத்தது. நம் சரக்கின் விலை தினம் மாறும் என்பது உண்மைதான். ஆகவே தேதி போட்டு எழுதுங்கள், மாறினால் திருத்துங்கள். போட்டிக்காரருக்கு நம் விலை எப்படியும் தெரியும். அவர் கடைப் பையன் நேற்றே வந்து கேட்டுப்போயிருப்பான்.

ஓர் எச்சரிக்கை. மஞ்சள் அந்த நோயைத் தீர்க்கும், வெந்தயம் இந்த நோயைக் குணமாக்கும் என்று எழுதினால் நாலு பேர் பகிர்வார்கள் என்பது சரிதான். ஆனால் உணவுப் பொருளை நோய் தீர்ப்பதாகச் சொல்லி விற்பதை உணவுப் பாதுகாப்புத் துறையின் 2018-ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நம் கடைத் தளத்தில் நாம் எழுதுவது நம் சரக்குக்கு விளம்பரம்தான். பாட்டி சொன்னார் என்பது அதிகாரியிடம் செல்லாது. நம் கடையைப் பற்றி நாமே வாடிக்கையாளர் போலப் பாராட்டி எழுதுவதையும் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தடைசெய்கின்றன.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே அனுப்பும் முகவரியைத் தேடுபொறி பார்க்காது. அதனால் அதன் கணக்கில் நமக்கு எடை கூடாது. ஆனால் ஆள் வருவார். பட்டியலைப் படமாக மட்டும் அனுப்பினால் நாலு கை மாறுவதற்குள் அது யார் கடைப் பட்டியல் என்பதே தெரியாமல் போகும். படத்தின் மேலேயே கடைப் பெயரை எழுதி, கீழே பக்கத்தின் முகவரியையும் சேர்த்து அனுப்பவேண்டும். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவுசெய்ய ஒரு பைசா செலவில்லை. அங்கும் நம் தளத்தின் முகவரியைப் போட இடம் இருக்கிறது. சங்கங்கள் நடத்தும் தளங்களில் உறுப்பினர் பட்டியல் இருந்தால் அங்கும் கேட்டு வாங்குங்கள்.

யார் நமக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கூகுளின் 'சர்ச் கன்சோல்' என்ற இலவசக் கணக்கில் பார்க்கலாம். மாதம் ஒருமுறை, இருப்புப் பார்க்கும் நாளில் அதையும் பார்த்துவிடுங்கள்.

இப்படிச் சேர்த்த இணைப்புகள் எல்லாம் நம் கடையின் பெயருக்கு அல்ல, அந்த இணைய முகவரிக்குத்தான் வந்து சேர்கின்றன. அந்த முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். தளம் செய்துகொடுத்த பையனின் பெயரில் இருந்தால், கடையை வாடகைக்கு எடுத்து உள்ளே மாடி கட்டியது போலத்தான். நம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, புதுப்பிக்கும் தேதியை லைசென்ஸ் புதுப்பிக்கும் தேதியோடு சேர்த்துக் குறித்துவைக்க வேண்டும். என்றாவது முகவரியை மாற்ற நேர்ந்தால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் தானாகவே திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யச் சொல்லுங்கள். குறைந்தது ஓராண்டாவது அதை வைத்திருக்க வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. கடையை எதிர்வரிசைக்கு மாற்றினால் பழைய ஷட்டரில் எழுதி ஒட்டுகிறோமே, அதுதான் இது.