முதல் போஸ்டிங் போகும் தம்பிக்கு

1. வெலிங்டனில் கசம் பரேடு, அதாவது உறுதிமொழி அணிவகுப்பு, முடித்துவிட்டாய். இனி எந்த எல்லைக்குப் போனாலும் பையில் போன் இருக்கும். செய்தி பார்க்காதே என்றால் கேட்கமாட்டாய்; எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

2. படம் கிடைக்கிற ஆபத்தைத்தான் டிவி காட்டும். 1999 கார்கிலில் போஃபர்ஸ் பீரங்கி முழங்கியதை நாடே வீட்டுக்கூடத்தில் பார்த்தது. அன்றிலிருந்து பையன்களுக்கு எல்லை என்றால் குண்டும் துப்பாக்கியும்தான். ஆனால் சியாச்சினில் எதிரியின் தோட்டாவைவிடக் குளிரும் பனிச்சரிவும்தான் நம் ஆட்களை அதிகம் கொன்றிருக்கின்றன. 2003-இல் போர்நிறுத்தம் வந்தது, சாவு நிற்கவில்லை. 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் சோனம் போஸ்ட் மேல் பனி சரிந்தது. நம் 19-வது மெட்ராஸ் பட்டாலியனோடு இருந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் நான்கு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறாம் நாள் உயிரோடு எடுத்தார்கள். 11-ஆம் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில் அவரும் போய்விட்டார். எதிரி அங்கே ஒரு தோட்டா சுடவில்லை. குண்டுக்குக் குனியச் சொல்லித்தர வேண்டியதில்லை, தானாக வரும். ஈரச் சாக்ஸை மாற்றச் சோம்பல்படுகிறவன், தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே ஏறுகிறவன், இவர்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

3. செய்தி பயத்தைக் கூட்டுவதைவிடக் குறைப்பது பெரிய கெடுதல். 2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது கராச்சித் துறைமுகமே எரிந்துவிட்டதாகச் சில சேனல்கள் விடிய விடிய கத்தின. அது பொய். அந்த நாட்களில்தான் பூஞ்ச்சில் வீடுகள் மேல் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஜெயித்தாகிவிட்டது என்று நம்பிப் பங்கரைவிட்டு வெளியே வந்து நிற்காதே.

4. நீ பார்ப்பதை எதிரியும் பார்க்கிறான். 2008 மும்பைத் தாக்குதலில் நரிமன் ஹவுஸ் மொட்டைமாடியில் கமாண்டோக்கள் கயிற்றில் இறங்கியது நேரலையில் ஓடியது. பாகிஸ்தானில் இருந்து ஏவியவர்கள் டிவியைப் பார்த்துக்கொண்டே போனில் வழிசொன்னார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் சேனல்களைக் கடுமையாகக் கண்டித்தது. போஸ்டில் நின்று நீ எடுக்கிற ரீல்ஸும் அதே வேலையைத்தான் செய்யும்.

5. எந்த இடம் எவ்வளவு மோசம் என்று அறிய, அங்கே ஒரு குளிர்காலம் கழித்தவரைக் கேள். எந்த நாலாவில், அதாவது ஓடைப்பள்ளத்தில், பனி சரியும், எந்தத் திருப்பத்தில் எதிரி பார்வை விழும் என்று அவர் விரல் நீட்டிக் காட்டுவார்.

6. கடைசியாக அம்மா. ராத்திரிச் செய்தி பார்த்துவிட்டு அழுதுகொண்டே கூப்பிடுவாள். அந்த அழுகையைச் சுமந்துகொண்டு சென்ட்ரி நின்றால் ஒவ்வொரு நிழலும் ஆளாகத் தெரியும். டியூட்டிக்குப் போகுமுன் பக்கத்தில் இருப்பவனிடம் மனதைக் கொட்டிவிடு. அதைவிட, இந்த லீவிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசு. பாகிஸ்தான் எல்லை மட்டும் 3,000 கிலோமீட்டருக்கு மேல், டிவி 'எல்லையில் சண்டை' என்றால் அது நான் நிற்கிற இடம் இல்லை என்று சொல். எந்த போஸ்ட் என்று சொல்லாதே. வாரக்கணக்கில் போன் வராமல் போகலாம் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வை.