துடிக்கும் மீனும் அதன் கிரகங்களும்

காவேரிப்பாக்கத்து ஏரிக்கரையின்மீது ஒருவன் தாளந் தவறாது பறையடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பானாயின், அவன் நம்மை அணுகுங்கால் ஒலிகள் சிறிது நெருங்கியும், அகலுங்கால் சிறிது இடைவிட்டும் செவிக்கு எட்டும். கண்ணை மூடிக்கொண்டே அவன் நடையை அறியலாம். இவ்வெளிய உண்மையே, கண்ணுக்குப் புலனாகாத கிரகங்களைக் கண்டறியத் துணையாயிற்று.

பல்ஸார் என்பது யாதெனில், பெரு நக்ஷத்திரமொன்று வெடித்தபின் எஞ்சிய உட்கருவாம். சுமார் 20 கிலோமீட்டர் குறுக்களவுள் சூரியனினும் மிக்க பொருளை அடக்கிக்கொண்டு அது சுழல்கின்றது. சுழலுந்தோறும் அதன் ரேடியோக் கதிர், கலங்கரை விளக்கின் ஒளிபோல் நம்மைக் கடக்கும். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல் என்னும் மாணவி இதனை முதற்கண் கண்டார். கிரகமொன்று சுற்றுமாயின், அதன் இழுப்பினாற் பல்ஸாரும் அசையும். துடிப்புக்கள் முந்தியும் பிந்தியும் வரும்.

நிற்க. பிற நக்ஷத்திரங்களுக்கும் கிரகம் உண்டென்னும் கூற்று நம் சென்னையிலிருந்தும் எழுந்ததென்பதைப் பலர் அறியார். சென்னை வானாராய்ச்சி நிலையத் தலைவராயிருந்த காப்டன் ஜேக்கப், 1855-இல், ஓபியூக்கஸ் மண்டலத்து 70-ஆம் எண்ணுள்ள இரட்டை நக்ஷத்திரத்தின் இயக்கத்திற் பிறழ்ச்சி கண்டு, அதற்குக் கிரகமொன்று காரணமாகலாம் என்றெழுதினார். அக்கிரகம் பின்னர் மெய்ப்படவில்லை. அது குறித்து அவரை எள்ளுதல் தகாது.

ஏனெனில், 1991-இல் மான்செஸ்டர் அறிஞர் ஆண்ட்ரூ லைன் முதலியோரும், ஒரு பல்ஸாரை ஆறு மாதத்திற்கொரு முறை சுற்றுங் கிரகம் உண்டென வெளியிட்டனர். ஆறு மாதம் நம் ஆண்டிற் செம்பாதியன்றோ? பூமியின் பாதை சரிவட்டமன்று, நீள்வட்டம். பல்ஸாரின் இருப்பிடம் சிறிது பிழைபடக் கொள்ளப்பட்டமையால், அந்நீள்வட்டக் கணக்கு முற்றும் நீங்காது எஞ்சிக் கிரகம்போற் காட்டிற்று. பறையடிப்பவன் நின்றுகொண்டிருந்தான், நடந்தவர் நாமே! 1992 ஜனவரியில் அட்லாண்டா நகரில் வானநூலார் பேரவையில் லைன் எழுந்து தம் பிழையைத் தாமே எடுத்துரைத்தார். அவையோர் கைகொட்டிப் போற்றினர்.

அவ்வவையிலேயே அடுத்துப் பேசியவர் அலெக்ஸாண்டர் வோல்ஷ்சான். இவரும் டேல் ஃப்ரெயிலும் கன்னிராசியிலுள்ள பல்ஸாரொன்றை ஆராய்ந்தவர். போர்ட்டோ ரிக்கோவில் இருந்து 2020-இல் இடிந்து வீழ்ந்த அரசிபோப் பெருங்கருவியால் அது கண்டறியப்பட்டது. வினாடிக்குச் சுமார் 161 முறை சுழலும் அதனை இரு கிரகங்கள் 66 நாளிலும் 98 நாளிலுமாகச் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் பூமியினும் ஏறக்குறைய நான்கு மடங்கு எடையுடையது. அவை ஒன்றையொன்று இழுத்தலால் விளையும் நுண்மாறுதல்களும் 1994-இல் தென்பட்டமையின், ஐயம் அகன்றது. 25 நாளிற் சுற்றும் மூன்றாவது சிறு கிரகமும் அப்பொழுதே உறுதியாயிற்று.

ஜேக்கப் பணியாற்றிய நிலையத்தின் வழிவந்ததே நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாராய்ச்சி நிலையம். அவர் நோக்கிய மீனோ, ஜூன் மாதத்து முன்னிரவுகளில் விருச்சிகத்திற்கு வடக்கே, ஏரிக்கரையில் நிற்போர்க்கு வெறுங்கண்ணாலும் மங்கலாய்த் தோன்றும்.