மாத்திரையா, மனமா?

கொழுப்பைக் குறைக்க டாக்டர் கொடுத்த மாத்திரையை, "உடம்பெல்லாம் வலிக்கிறது" என்று சொல்லித் தாமாகவே நிறுத்திவிட்ட சகோதரர்கள் நம் கடைவீதியில் உண்டு. அந்த வலி பொய்யா? பொய்யல்ல. அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து 2020ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஸ்டாட்டின் என்னும் அந்த மாத்திரையை உபாதை தாங்காமல் கைவிட்டவர்கள் 60 பேர். ஆளுக்குப் பன்னிரண்டு புட்டிகள், மாதத்துக்கு ஒன்றாக. நான்கில் மருந்து, நான்கில் அதே தோற்றமுள்ள போலி மாத்திரை, நான்கு காலிப் புட்டிகள். எது மருந்து, எது போலி என்பது அவர்களுக்குத் தெரியாது. தினமும் தம் உபாதைக்கு நூற்றுக்கு இத்தனை என்று குறித்து வந்தனர்.

காலிப் புட்டி மாதங்களில் சராசரி 8. மருந்து மாதங்களில் 16.3. கணக்கு இதோடு முடிந்தால் பழி மருந்தின் மேல்தான். ஆனால் போலி மாத்திரை மாதங்களில் 15.4! கூடுதலாக வந்த உபாதையில் பத்தில் ஒன்பது பங்கு, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எண்ணத்தோடு வந்தது. தம் கணக்கைத் தாமே பார்த்த பிறகு, 60 பேரில் 30 பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினர்.

ஸ்டாட்டின் சிலருக்குத் தசையை உண்மையிலேயே பாதிப்பதுண்டு, அபூர்வம்தான். ஆகையால் வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கடைத் திண்ணையில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அப்படியானால் நம்பிக்கை ஒன்றே நோயைத் தீர்க்குமா என்று கேட்பீர்கள். வலியை அது தணிக்கும். பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஒரு சோதனை 1978இல் வெளிவந்தது. போலி மருந்தால் கிடைத்த ஆறுதல், அபினின் வேலையைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தியதும் மறைந்தது. உடலே தனக்கு ஓர் அபினைச் சுரந்துகொள்கிறது என்பதற்கு அது அடையாளம்.

மூச்சுக்குழல் சங்கதி வேறு. அமெரிக்காவில் ஆஸ்துமாக்காரர்களிடம் செய்த சோதனை 2011இல் வெளியாயிற்று. மருந்துள்ள இன்ஹேலரால் தங்களுக்கு 50 சதவிகிதம் தேறியதாகச் சொன்னார்கள். போலி இன்ஹேலருக்கும் 45 என்றார்கள். கருவி வைத்து மூச்சை அளந்தபோது, மருந்தால் 20 சதவிகிதம் கூடியிருந்தது. போலியால் ஏறக்குறைய 7. ஒன்றுமே செய்யாதபோதும் அதே 7தான். நன்றாக இருப்பதாக நினைத்தவரின் மூச்சுக்குழல் இறுகியபடியே இருந்தது.

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்த இரண்டாவது கணக்கைக் கவனிக்க வேண்டும். "எனக்கு ஒன்றுமில்லை, சுகமாக இருக்கிறேன்" என்று தோன்றும் நாளிலும் கருவி காட்டும் எண்ணைப் பார்த்து, டாக்டரைக் கேட்ட பிறகே மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்யுங்கள்.