தடுப்பூசியும் காலமும்

நம்மில் பலருடைய இடது தோளில் சிறு தழும்பு ஒன்று உண்டு. காசநோயைத் தடுக்கப் பிறந்தவுடன் போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. கால்மெட், கெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து இம்மருந்தை உருவாக்கினர். 1921-ஆம் ஆண்டு முதன்முதலாக ஒரு குழந்தைக்கு இது கொடுக்கப்பட்டது.

இம்மருந்து ஆஸ்துமாவையும் தடுக்குமா? இப்படி ஒரு கேள்வி எழக் காரணம் உண்டு. தூசி, மகரந்தம் முதலிய தீங்கற்ற பொருள்களைப் பகையென்று எண்ணி உடல் போர் தொடுப்பதே ஒவ்வாமை. அப்போது ஒரு வகை டி அணுக்கள் இன்டர்லூக்கின்-5 என்னும் பொருளைச் சுரக்கின்றன. அதனால் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் நுரையீரலில் குவிகின்றன. மூச்சுக் குழல் வீங்கிச் சுருங்கி இழுப்பு வருகிறது. பி.சி.ஜி. கிருமியோ வேறொரு வகை டி அணுக்களைத் தூண்டுகிறது. இவை ஓங்கினால் அவை அடங்கும் என்று விஞ்ஞானிகள் எண்ணினர்.

எர்ப் என்பவரும் அவர்தம் குழுவினரும் இதை எலிகளிடம் சோதித்து 1998-இல் வெளியிட்டனர். முட்டை வெண்கருப் புரதத்திற்கு எலிகளை ஒவ்வாமை கொண்டவையாக்கி, அப்புரதத்தையே மூச்சுக் குழலில் செலுத்தினர். அதற்கு 4 வாரங்களுக்கு முன் மூக்கின் வழியாக பி.சி.ஜி. பெற்ற எலிகளின் நுரையீரலில் இயோசினோஃபில்கள் 90 முதல் 95 விழுக்காடு குறைந்திருந்தன. 12 வாரங்களுக்கு முன் பெற்றவற்றில் 60 முதல் 70 விழுக்காடே குறைந்திருந்தன. மருந்து ஒன்றே; காலம்தான் வேறு. நாள் செல்லச் செல்லப் பாதுகாப்பும் தேய்ந்தது.

இதை நான் படித்துச் சொன்னபோது, இழுப்பினால் வருந்தும் என் தோழி, "அப்படியானால் இன்னொரு ஊசி போட்டுக்கொண்டால் எனக்குக் குணமாகிவிடுமா?" என்று ஆவலோடு கேட்டாள். ஆம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த எலிகள் மருந்தை முன்கூட்டியே பெற்றவை. அவளுக்கோ நோய் வந்துவிட்டது. மேலும், எலி வேறு, மனிதர் வேறு. குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. ஆகவே பி.சி.ஜி. இன்றும் காசநோய்க்கான தடுப்பூசியே, ஆஸ்துமாவுக்கு மருந்தன்று. மருத்துவர் சொன்ன இன்ஹேலரை அவள் விடக்கூடாது.

பொய்யான நம்பிக்கை தருவது அன்பாகாது. உண்மையை உள்ளபடி சொல்லி, அவளுக்கு இழுப்பு வரும்போது அருகில் நிற்பதே அன்பு. அறிவியலைக் கற்கும் நாம் இவ்விரண்டையும் கற்போமாக!