போனவர் இடத்தை நிரப்புவது எப்படி? அலபாமா அணி தரும் பாடம்



ஒரு அணியின் மிகச் சிறந்த இரண்டு ஆட்டக்காரர்கள் ஒரே சமயத்தில் போய்விட்டால் அந்த அணி என்ன ஆகும்? "அவ்வளவுதான், கதை முடிஞ்சுது" என்றுதான் நாம் சொல்வோம். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக அணிக்கு இந்த நிலை அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் வந்தது. முதல் தடவை கோப்பையையே வென்றார்கள். இரண்டாவது தடவை இறுதி ஆட்டம் வரை போய்ச் சறுக்கினார்கள். இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி...

அமெரிக்கர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நாம் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதும், எறிந்து பிடிப்பதும்தான் அங்கே முக்கியம். பக்கத்துக்கு 11 பேர். ஆடுகளம் 100 கெஜ நீளம். பந்தை வைத்திருக்கும் அணி 4 வாய்ப்புக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு. எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டினால் அது 'டச்டவுன்', 6 புள்ளி.

பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக். ஓரத்தில் நின்று, ஓடிப்போய் அதைப் பிடிப்பவர் வைட் ரிசீவர். கேட்க சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் பல சமயம் ரிசீவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே பந்து கையை விட்டுக் கிளம்பிவிடும். எத்தனை கெஜம் ஓடுவார், எந்த இடத்தில் திரும்புவார் என்பதெல்லாம் எறிபவருக்கு முன்கூட்டியே அத்துப்படியாக இருக்க வேண்டும். நம்ம ஒர்க்ஷாப்பில் ஒரு போல்ட் தேய்ந்து போனால் அதே அளவில் வேறொன்றை எடுத்து மாட்டிவிடலாம். ரிசீவரை அப்படி மாட்ட முடியாது. பழகிப் பழகித்தான் பொருந்த வைக்க வேண்டும்.

முதல் சோதனை: 2020

2019-ஆம் ஆண்டு அலபாமாவில் நான்கு பெரிய ரிசீவர்கள் இருந்தார்கள்: ஜெர்ரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், டிவான்டா ஸ்மித், ஜேலன் வாடில். பயிற்சியாளர் நிக் சேபன். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகிவிட்டால் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகலாம் என்பது அங்குள்ள விதி. அதன்படி 2020 ஏப்ரலில் நடந்த தேர்வில் ரக்ஸ் 12-ஆவது ஆளாகவும் ஜூடி 15-ஆவது ஆளாகவும் எடுக்கப்பட்டார்கள்.

ஸ்மித்தும் போயிருக்கலாம். போகவில்லை, நான்காம் ஆண்டும் கல்லூரியிலேயே இருந்தார். இவர் திடீரென்று முளைத்தவர் அல்ல. முதலாண்டு மாணவராக ஒரு சீசன் முழுக்க 8 பந்துதான் பிடித்தார். அதில் கடைசிப் பந்து, 2018 ஜனவரி 8-ஆம் தேதி ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய இறுதி ஆட்டத்தை வென்று கொடுத்த 41 கெஜ டச்டவுன்! 2019-லேயே 1,256 கெஜம் எடுத்து ஜூடியை முந்திவிட்டார்.

2020 அக்டோபரில் வாடிலுக்குக் கணுக்காலில் பலத்த காயம். ஆக, பழைய நால்வரில் மிஞ்சியது ஸ்மித் ஒருவரே. அப்போது கைகொடுத்தவர் ஜான் மெட்சி. முந்தைய ஆண்டு பெரும்பாலும் பெஞ்சில் இருந்தவர், இந்த ஆண்டு 916 கெஜம் எடுத்தார். ஸ்மித்தோ 117 பந்து, 1,856 கெஜம், 23 டச்டவுன்! நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது 1991-க்குப் பிறகு முதன்முறையாக ஒரு வைட் ரிசீவருக்குக் கிடைத்தது. 13 ஆட்டங்களில் 13 வெற்றி. 2021 ஜனவரி 11-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் ஒஹாயோ ஸ்டேட் அணியை 52-24 என்று வீழ்த்தினார்கள்.

இரண்டாவது சோதனை: 2021

அடுத்து வாடிலும் ஸ்மித்தும் போனார்கள். தேர்வில் 6-ஆவது, 10-ஆவது இடம். குவார்ட்டர்பேக் மேக் ஜோன்சும் போய், புதிதாக பிரைஸ் யங் வந்தார். மெட்சி ஒரு படி மேலே ஏறினார். இன்னொரு இடத்துக்கு ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து ஜேம்சன் வில்லியம்ஸ் மாறி வந்தார். பழைய கல்லூரியில் இரண்டு ஆண்டில் இவர் பிடித்தது 15 பந்துதான்; முன்னால் நின்றவர்கள் அப்படிப்பட்டவர்கள். அலபாமாவில் ஒரே ஆண்டில் 1,572 கெஜம், 15 டச்டவுன்! மெட்சியும் 1,142 கெஜம் எடுத்தார். யங் ஹைஸ்மன் விருது பெற்றார்.

ஆனால் 2021 டிசம்பர் 4-ஆம் தேதி, ஜார்ஜியாவை 41-24 என்று ஜெயித்த ஆட்டத்தில் மெட்சிக்கு முழங்காலில் அடி. 2022 ஜனவரி 10-ஆம் தேதி தேசிய இறுதி ஆட்டம். மறுபடியும் அதே ஜார்ஜியா. இரண்டாவது கால்பகுதியில் வில்லியம்சுக்கும் முழங்கால் போயிற்று. அதன்பின் இறங்கியவர்கள் பெரிய ஆட்டங்களில் அதிகம் பந்து பிடித்துப் பழகாதவர்கள். கடைசிக் கால்பகுதியில் 18-13 என்று முன்னிலையில் இருந்தும் அலபாமா 33-18 என்று தோற்றது. ஜார்ஜியாவின் தடுப்பாட்டம் அந்த ஆண்டு மிக பலமானது, அதையும் மறக்கக் கூடாது. ஆனாலும் மூன்றாவது வரிசை தயாராக இல்லை என்பது கண்கூடு.

நமக்கு என்ன பாடம்?

ஒன்று: காலியிடம் விழுந்த பிறகு ஆள் தேடுவது தாமதம். ஸ்மித்தும் மெட்சியும் பெரியவர்கள் இருக்கும்போதே உருவானவர்கள்.

இரண்டு: பெஞ்சில் இருப்பவர் எல்லாம் திறமை இல்லாதவர் அல்ல. வில்லியம்சே சாட்சி.

மூன்று: அடுத்தவர் தயார் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அவருக்கும் அடுத்தவர் யார் என்று கேட்க வேண்டும்.

அலபாமாவுக்கு வெளியிலிருந்து ஒரு வில்லியம்ஸ் வந்தார். நமக்கு யார் வருவா? டிப்ளமோ மூணே வருஷம். இறுதியாண்டு அண்ணன், அக்காமார் போனதும் மிச்சம் இருப்பது நாம்தான். அப்படியிருந்தும் முதலாண்டுப் பிள்ளைகளைப் பந்து பொறுக்கிப் போடவும் தண்ணீர் பாட்டில் தூக்கவும் மட்டுமே வைத்திருந்தால், அடுத்த ஆண்டு மண்டலப் போட்டியில் யாரை இறக்குவது? ஆகவே ஜெயிப்பது உறுதியான ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிஷம் ஒரு ஜூனியரை இறக்கிப் பாருங்கள். லேப்பில் ரீடிங் எடுக்கும் வேலையையும், யூனியன் விழாவில் ஒரு பொறுப்பையும் அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். நாலு தடவை தப்பு வரும், வரட்டும். போகிறவர்கள் தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இருக்கிறவர்கள் கூச்சப்படாமல் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.