காட்டுப் பாதைக்குத் தோல் பூட்ஸ்

கேள்வி: ஜவ்வாது மலைக்கு வருகிறவர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போவது என் வேலை. எந்த ஷூ வாங்கினாலும் மழைக்காலத்தில் சோல் பிளந்துவிடுகிறது. ஆம்பூர்ப் பக்கம் கையால் தைக்கிற தோல் பூட்ஸ் வாங்கலாமா? மழைக்குத் தாங்குமா?
– வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: தாராளமாக வாங்குங்கள். ‘அசல் தோல்’ முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். சோல் பிளப்பதற்குப் பெரும்பாலும் பசைதான் காரணம். விளிம்பைச் சுற்றி ஒரு தோல் பட்டை ஓடி, மேல்தோலும் சோலும் அதனோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தால் அது வெல்ட் தையல். சோல் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஒட்டிய சோலின்மேல் அழகுக்குத் தையல் ஓட்டுவதும் உண்டு. அதனால், “பழைய சோலைப் பிரித்துப் புதிது தைத்துத் தருவீர்களா?” என்று கேளுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.

அடுத்தது தோல். ஆவாரம்பட்டையில் பதனிட்டு, வெயிலில் சிவக்காமலிருக்கக் கடைசியில் கடுக்காய் நீரில் போட்டெடுப்பது நம் பழைய முறை. ‘இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்’ என்று வெளிநாடுகளில் பெயர் வாங்கியது இதுதான். அந்தக் கடுக்காய் உங்கள் காட்டிலும் காய்க்கிறது. பட்டைத் தோல் வியர்வையை உறிஞ்சும், போகப் போகப் பாதத்துக்கேற்பப் படியும். உள்ளட்டைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் நனைந்தால் 80 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். குரோம் உப்பில் நன்கு பதனிட்ட ‘குரோம் தோல்’ கொதிநீரையே தாங்கும். ஆகவே மேல்தோல் குரோமாக இருக்கட்டும்.

எந்தத் தோலும் முழுக்க நீர் புகாததல்ல. பூட்ஸ் நாக்கின் இரு பக்கமும் மேல்வரை தைத்து மூடியிருந்தால் ஓடை கடக்கும்போது தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்காது. மழைக்கு முன் தையல்களில் தேன்மெழுகை உருக்கித் தேயுங்கள். மலையில் அதற்குப் பஞ்சமில்லை. நனைந்த பூட்ஸை அடுப்போரம் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள், தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

பீமன் அருவி வரை போய்வர இவ்வளவும் தேவையில்லை. நாள் முழுக்க நடக்கிற உங்களுக்குத் தேவை. பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், கனத்த காலுறையோடு அளவு பாருங்கள். சரிவில் இறங்கும்போது பெருவிரல் முன்னால் முட்டக் கூடாது. புது பூட்ஸ் காலில் படியச் சில வாரமாகும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பதால் ஆகஸ்டிலேயே வாங்கி, முதலில் ஊருக்குள் போட்டு நடங்கள்.