முன்பணம்

திருவரங்குளம்

அன்புள்ள பேத்திக்கு,

போன வாரம் போனில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்ல முயன்றேன். பாதியில் உனக்கு பஸ் வந்துவிட்டது. மீதியை எழுதிவிடுகிறேன்.

"2022 மார்ச்சில், ரஷ்யா உக்ரைனை விட்டு வெளியேற வேண்டும் என்று ஐ.நா. சபையில் 141 நாடுகள் கை தூக்கினவே, காந்தி பிறந்த நாடு ஏன் தாத்தா ஒதுங்கி நின்றது?" என்று கேட்டாய். கோபமாகத்தான் கேட்டாய். கோபப்படு. அதோடு கொஞ்சம் கணக்கும் தெரிந்துகொள்.

கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு நீ என்னோடு வந்திருக்கிறாய். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கிச் செடி வைத்த விவசாயி, பக்கத்துக் கடையில் விலை கூடக் கிடைத்தாலும் கூடையை அங்கே இறக்க மாட்டார். தன் கடைக்காரர் எடையில் கொஞ்சம் தட்டிவிட்டாலும் சண்டைக்கு நிற்க மாட்டார். நாளைக்கே மருந்தடிக்கப் பணம் வேண்டும் என்றால் அதே கடை வாசலில்தானே நிற்க வேண்டும்? நாடுகளையும் இப்படி வாயடைக்க வைக்கிற முன்பணம் இரண்டு உண்டு. ஒன்று ஆயுதம், இன்னொன்று எண்ணெய்.

ஆயுதக் கணக்கை முதலில் பார்ப்போம். 1962-இல் நேரு அரசு சோவியத் ஒன்றியத்திடம் மிக்-21 போர் விமானம் வாங்க ஒப்பந்தம் போட்டது. 1965-இல் பாகிஸ்தானோடு போர் மூண்டதும், அமெரிக்கா இரண்டு நாடுகளுக்கும் ஆயுதம் தருவதை நிறுத்தியது. நெருக்கடி நேரத்தில் கடையைச் சாத்துகிறவரை நம்பக்கூடாது என்ற பாடம் டெல்லிக்கு அப்போது பதிந்தது. 1971 ஆகஸ்ட் 9-ஆம் தேதி சோவியத்தோடு நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த டிசம்பரில் வங்கதேசப் போர் நடக்கும்போது, அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்து நின்றது. பாதுகாப்பு அவையில் வந்த போர்நிறுத்தத் தீர்மானங்களை சோவியத் தன் வீட்டோவால் மறித்து, நமக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது.

அந்த உதவிக்கு வட்டியும் கட்டினோம். 1980 ஜனவரியில் ஆப்கானிஸ்தானுக்குள் அந்நியப் படை நுழைந்ததை ஐ.நா. கண்டித்தபோது இந்தியா வாக்களிக்கவில்லை. நுழைந்தது சோவியத் படை.

போர் விமானம் வாங்குவதும் பம்புசெட் வாங்குவதும் ஒன்றில்லை, கண்ணு. உதிரி பாகம், குண்டு, பயிற்சி எல்லாம் பல்லாண்டுகளுக்கு விற்றவர் வழியாகவே வர வேண்டும். 1963-இல் சேர்ந்த மிக்-21, 2025 செப்டம்பரில்தான் நம் விமானப்படையை விட்டுப் போனது. அறுபது வருஷத்துக்கு மேலான சம்பந்தம் அது.

இனி எண்ணெய். நாடு செலவழிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையின் கதையைக் கேள். 1965-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய பங்காளிகள் மூன்று பேர்: இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம். அமெரிக்காவும் ஈரானும் ஒரே இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட காலம். 1979-இல் ஈரானில் புரட்சி நடந்தது. இருவரும் பகையாளிகள் ஆனார்கள். நமக்கு அதிகம் எண்ணெய் தந்த முதல் சில நாடுகளில் ஒன்றாக ஈரான் இருந்தும், அமெரிக்கத் தடைக்கு அஞ்சி 2019 மே மாதத்தோடு அங்கே வாங்குவதை நிறுத்தினோம். அவர்கள் சண்டையில் நம் அடுப்புக்கு விறகு மாறியது.

1990-ஐ நான் கண்ணால் பார்த்தேன். ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் குவைத்தைப் பிடித்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். வெளியுறவு அமைச்சர் ஐ.கே.குஜ்ரால் பாக்தாதுக்கே போய் சதாம் உசேனைச் சந்தித்தார். உலகம் முகம் சுளித்தது. நம் தெருக்காரர் ஒருவர் ஒற்றைப் பையோடு அம்மான் வழியாக வந்து சேர்ந்தார். அவர் வீட்டில் குஜ்ராலை யாரும் குறை சொல்லவில்லை. அதற்குள் எண்ணெய் விலை ஏறி அன்னியச் செலாவணி கரைந்தது. 1991 ஜனவரியில் சந்திரசேகர் அரசு ஐ.எம்.எஃப். கடன் வாங்கியது, அதே மாதத்தில், வளைகுடாப் போருக்குப் பறந்த அமெரிக்க ராணுவ விமானங்களுக்கு பம்பாயில் எரிபொருள் நிரப்ப அனுமதியும் தந்தது. ஆறு மாதத்துக்குள் ஒரே நாட்டுக்கு இரண்டு முகம். அப்படியும் ஜூலையில் 47 டன் தங்கம் இங்கிலாந்துக்கு அடகுக்குப் போனது.

2022-க்குப் பின் ரஷ்யா விலை குறைத்து விற்றதால், நம் எண்ணெயில் நூற்றுக்கு இரண்டு கூட இல்லாத அதன் பங்கு மூன்றில் ஒன்றை எட்டியது. அதற்குத் தண்டனையாக 2025 ஆகஸ்டில் அமெரிக்கா கூடுதலாக 25 சதவீத வரி போட்டது. மொத்தம் 50. மாஸ்கோவில் வாங்கிய எண்ணெய்க்குத் திருப்பூர் பனியன் கம்பெனி பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, தப்பிக்க வழி? பூ விவசாயிக்கு என்ன வழியோ அதுதான். ஒரே கடையை நம்பாமல் நாலு கடையில் கணக்கு வைப்பது, முடிந்ததைச் சொந்தக் காசில் செய்துகொள்வது. ஆயுத இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2010-14-இல் 72 சதவீதம், 2020-24-இல் 36. பிரான்சும் இஸ்ரேலும் அமெரிக்காவும் அந்த இடத்தில் வந்தன. கடன் குறையக் குறையக் குரல் கூட வேண்டும். அப்படிக் கூடாவிட்டால், அந்த மௌனம் வெறும் பழக்கமாகிவிட்டது என்று பொருள். கட்டாயத்தால் வந்த மௌனத்தை நான் புரிந்துகொள்வேன். அதைக் கொள்கை என்று கொண்டாட மாட்டேன்.

கடைசியாக நம் ஊர்க் கணக்கு. 2017 பிப்ரவரி 15-ஆம் தேதி மத்திய அமைச்சரவைக் குழு 31 இடங்களில் எண்ணெய், எரிவாயு எடுக்க ஒப்புதல் தந்தது. அதில் நம் ஒன்றியத்து நெடுவாசலும் ஒன்று. மறுநாளே ஊர் கூடிவிட்டது. பலாவும் வாழையும் விளைகிற மண்ணைத் தோண்டக் கூடாது என்று பெண்கள் பிள்ளைகளோடு பந்தலில் உட்கார்ந்தார்கள். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் திருவரங்குளம் ஒன்றியமும் இடம்பெற்றது. அந்தப் பந்தலில் நானும் உட்கார்ந்தேன், இன்றும் அது சரி என்றே சொல்வேன். ஆனால் பந்தலுக்கு நான் போனது பெட்ரோல் வண்டியில். இங்கே எடுக்க வேண்டாம் என்று தடுத்த எண்ணெய், யாரோ ஒருவரிடம் வாய் மூடி நின்று வாங்குகிற எண்ணெயாக என் வண்டிக்கு வருகிறது.

அதனால் நம் மண்ணைக் காத்தவர்களுக்கு இன்னொரு வேலையும் பாக்கி இருக்கிறது: எண்ணெய் குடிப்பதைக் குறைப்பது. நீ படித்து முடித்துப் பேச வரும்போது, அரசிடம் ஏன் பேசவில்லை என்று கேள். கேட்பதற்கு முன், எவ்வளவு முன்பணம் பாக்கி என்ற கணக்கையும் கையில் வைத்துக்கொள்.

பொங்கலுக்கு வா.

அன்புடன்,
தாத்தா